ரயில் பெட்டி ஸ்டிக்கரை வைத்து எங்கள் மார்க்கத்தை எடை போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் செம்பூர் வாசகர் ஒருவர், சூனியம், வசியம், தாயத்து எல்லாம் முஸ்லிம்களிடமிருந்து வந்தவைதான், பிற மதத்தாரை வெறுக்கச் சொல்வதுதான் அந்த மதத்தின் அடிப்படை என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், இங்கேயே பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

அவர் எங்கிருந்து அந்த முடிவுக்கு வந்திருப்பார் என்று லோக்கல் ரயிலில் தினமும் போய்வருகிற யாருக்கும் தெரியும். கதவோரத்தில், ஜன்னலுக்கு மேலே, பெண்கள் பெட்டியில் இன்னும் கூடுதலாக, 'பெங்காலி பாபா' ஸ்டிக்கர்கள். காதல் தோல்வியா, புருஷன் கைவிட்டுப் போனானா, மாமியார் கொடுமையா, குழந்தை இல்லையா, 24 மணி நேரத்தில் தீர்வு, கீழே ஒரு மொபைல் நம்பர். மேலே ஒரு பிறை, ஒரு நட்சத்திரம், 786 என்ற எண், அப்புறம் பெரும்பாலும் ஒரு முஸ்லிம் பெயர். அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு போகிறவர், இது இவர்கள் மதத்து விஷயம் என்று நினைத்தால் அவர் மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

ஆனால் எங்கள் மார்க்கம் இந்த ஆட்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனிதனை அழித்துவிடும் ஏழு பெரும் பாவங்களை நபிகள் நாயகம் எண்ணிச் சொன்ன செய்தி, ஹதீஸ் என்கிற நபிமொழிகளின் புகாரி தொகுப்பில் இருக்கிறது. முதலாவது அல்லாஹ்வுக்கு இணைவைப்பது, அதாவது வேறொன்றை அவனுக்குச் சமமாக வணங்குவது, இரண்டாவது சூனியம், அதற்குப் பிறகுதான் கொலையே வருகிறது. வட்டியும் அநாதைச் சொத்தைத் தின்பதும் அதற்கும் கீழே. குறிகாரனிடம் போய் ஒரு விஷயத்தைக் கேட்டவருக்கு 40 இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்று 'முஸ்லிம்' என்ற இன்னொரு நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கேட்டதற்கே இந்த நிலை என்றால், பிறையைப் போட்டுக் கடை விரித்து உட்கார்ந்திருப்பவனின் நிலை என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் இருக்கிற அந்த 786 கூட குர்ஆனில் கிடையாது, ஹதீஸில் கிடையாது. அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்கும் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்துக் கூட்டிப் பின்னால் வந்தவர்கள் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம், அவ்வளவுதான்.

நாட்டுச் சட்டமும் இவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பகுத்தறிவுச் செயல்பாட்டாளர் நரேந்திர தாபோல்கர் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடினார், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள், அதற்கடுத்த சில நாட்களில்தான் மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த வருஷ டிசம்பரில் சட்டமன்றத்திலும் நிறைவேறியது. ஆறு மாதம் முதல் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பாம்போ நாயோ தேளோ கடித்தவரை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்து மந்திரம், கயிறு என்று இழுத்தடிப்பதும் அதில் குற்றம். ஒரு உயிரைக் கொடுத்து வந்த சட்டம் இது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் வைக்கவில்லை என்று நபி சொன்னதை நம்புகிற நான், அந்தச் சட்டத்தை என் மார்க்கத்துக்கு எதிரியாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

சரி, வெளியே உள்ள பாபாவை மட்டும் திட்டிவிட்டு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்கள் ஆட்களிலேயே இன்னும் சஃபர் மாதம் பீடை மாதம் என்று கல்யாணம் வைக்காதவர்கள் உண்டு. அந்த மாதத்தின் கடைசிப் புதனுக்கு ஒடுக்கத்துப் புதன் என்று பெயர். மாவிலையில் குங்குமப்பூ கரைத்த மையால் குர்ஆன் வசனங்களை எழுதி, அந்த எழுத்து கரையும்படி கழுவின தண்ணீரைக் குடிப்பார்கள், தலைக்கும் ஊற்றிக்கொள்வார்கள். சிறுவயதில் எங்கள் தெருவில் அதற்காகவே மாவிலை தேடி அலைவார்கள், மும்பையில் மாமரத்துக்கு எங்கே போவது, பூக்காரரிடம் தோரணத்துக்கு வந்த இலையைக் கேட்டு வாங்கி வருவார்கள். உம்மாவுக்கு அது பிடிக்காது. பழைய அரபிகள் சஃபர் மாதத்தைப் பீடை என்றார்கள், ஆந்தை கத்தினால் சாவு என்றார்கள், பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துப் பயணத்தை நிறுத்தினார்கள். பறவைச் சகுனமும் இல்லை, ஆந்தையும் இல்லை, சஃபரும் இல்லை என்று நபி அத்தனையையும் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். ஷவ்வால் மாதத்தில் கல்யாணம் செய்தால் விளங்காது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு இருந்தது. என்னை நபி மணந்தது ஷவ்வாலில்தான், என்னைவிட அவர்களுக்குப் பிரியமானவள் யார் என்று ஆயிஷா நாயகி கேட்டதாக இருக்கிறது. நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. இவ்வளவு இருந்தும் பால்கிதாபு என்கிற குறிப்புத்தகம் பார்க்கிறோம் என்று பிள்ளையின் நகையைக் கழற்றிக் கொடுக்கும் குடும்பம் எங்களுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஜமாஅத் பெரியவர்கள் பேசாமல் இருப்பது எனக்கு ஸ்டிக்கரைவிட வலிக்கிறது.

அந்த வாசகர் நேர்மையாக ஒன்று கேட்கலாம், உங்கள் மதத்திலும் கண்திருஷ்டி உண்டுதானே என்று. உண்டு, மறைக்கவில்லை. கண்ணேறு உண்மை என்று ஹதீஸ் இருக்கிறது, ஜின் என்ற படைப்பை நாங்கள் நம்புகிறோம், சூனியம் என்ற ஒன்று உண்டு என்றும் குர்ஆன் பேசுகிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். வித்தியாசம் பரிகாரத்தில்தான். குர்ஆனின் கடைசி இரண்டு சின்ன அத்தியாயங்களை ஓதி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடு, அவ்வளவுதான். அதற்கு இடைத்தரகர் வேண்டாம், நீயே ஓது. எலுமிச்சை, கோழி, செப்புத் தகடு, கல்லறையில் புதைத்த பொம்மை எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. குர்ஆன் வசனத்தையே எழுதித் தாயத்தாகக் கட்டுவதில் ஆலிம்களுக்குள், அதாவது மார்க்க அறிஞர்களுக்குள், கருத்து வேறுபாடு இருக்கிறது, நான் கட்டவேண்டாம் என்கிற பக்கம்.

சூரியன் மறைந்ததும் நடக்கிற மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் நிற்பார்களே, அதை மும்பையில் பல இடங்களில் பார்க்கலாம், நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் பொட்டோடு நிற்பவர்கள்தான் அதில் அதிகம். தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆண்கள் செருப்பைத் தேடிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையின் தலைமேலும் ஓதி மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது, பேர் என்ன, என்ன ஜாதி என்ற விசாரணை கிடையாது. நோயாளிக்காக ஓதுவது நபிவழியில் உள்ளதுதான். ஓதிவிட்டு, 'பெஹன்ஜி, காய்ச்சல் ரெண்டு நாளா இருந்தா சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சேர்த்துச் சொல்கிற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் இருந்தார். அவர் செய்ததும் ஸ்டிக்கர் பாபா செய்வதும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றே இல்லை.

கிரகணம் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. நபியின் மகன் இப்ராஹீம், பால் மறக்காத குழந்தை, இறந்துபோனது. அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் பிள்ளை இறந்ததால் சூரியனே இருண்டுவிட்டது என்று ஊர் பேசத் தொடங்கியது. சும்மா இருந்திருந்தாலே போதும், அவருடைய புகழ் வளர்ந்திருக்கும். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரண்டு அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தகப்பன் எழுந்து சொன்னார். இந்த நபியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தர் தகடு விற்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இனி அந்த வாசகரின் இரண்டாவது குற்றச்சாட்டு. எல்லா மதமும் ஒன்றுதான் என்று இஸ்லாம் சொல்வதாக எழுதி அவரைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே என்பதுதான் எங்கள் நம்பிக்கை, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நம்பிக்கை வேறாக இருக்கிறவரோடு எப்படி வாழ்வது என்பதற்குத்தான் குர்ஆனில் பதில் தேட வேண்டும். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்கிறது 2:256, அதாவது 2ஆம் அத்தியாயத்தின் 256ஆம் வசனம். அவர்கள் வணங்குகிறவற்றைத் திட்டாதீர்கள் என்று 6:108 கட்டளையாகவே சொல்கிறது. திட்டினால் அவர்கள் பதிலுக்கு அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்று காரணமும் அதே வசனத்தில் இருக்கிறது. மார்க்கத்துக்காக உங்களோடு சண்டை போடாத, உங்களை வீட்டைவிட்டு விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்கிறது 60:8. யூடியூபில் உட்கார்ந்துகொண்டு பிறருடைய சாமியைக் கேலி பேசும் எங்கள் ஆட்களும் உண்டு. அவர்கள் 6:108ஐ மீறுகிறார்கள், இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

'கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று குர்ஆனில் இருக்கிறதே' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது 9:5. செம்பூர் வாசகரும் அதைத்தான் எழுதியிருந்தார். உடன்படிக்கை செய்துவிட்டு அதை முறித்துப் போருக்கு வந்த அரபு இணைவைப்பாளர் கூட்டங்களைப் பற்றிய பேச்சு அது. முந்தின வசனம் 9:4, உடன்படிக்கையை முறிக்காதவர்களிடம் அதன் தவணை முடியும்வரை நீங்களும் காப்பாற்றுங்கள் என்கிறது. அடுத்த வசனம் 9:6, அதே இணைவைப்பாளர்களில் ஒருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், அல்லாஹ்வின் வார்த்தையைக் கேட்கட்டும், பிறகு அவரைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்கிறது. நடுவில் உள்ளதை மட்டும் கத்தரித்து அனுப்புகிறவர் முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் கத்தரிக்கிறார். அதே வரியைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி தூக்குகிற எங்கள் பெயர்க்காரரும் அப்படியே செய்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பதில் சொல்கிற வேலை எங்களுக்கு.

நபியின் வாழ்க்கையில் பிற மதத்தார் எங்கெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள். மக்காவில் கொடுமை தாங்காமல் முதலில் வெளியேறிய முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா பக்கம்) கிறிஸ்தவ மன்னர். மக்காவிலிருந்து மதீனாவுக்கு உயிர் தப்பிப் போனபோது வழிகாட்டியாக நம்பி அழைத்துப்போனது முஸ்லிமல்லாத ஒருவரை. வழியில் அவர் காட்டிக்கொடுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். யூதர் ஒருவரின் பிரேதம் போனபோது நபி எழுந்து நின்றார்கள், அது யூதராயிற்றே என்றதற்கு அதுவும் ஓர் உயிர் இல்லையா என்று கேட்டார்கள். இஸ்லாத்தை ஏற்காத தாய் தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள், உறவாடலாமா என்று நபித்தோழர் அபூபக்ரின் மகள் அஸ்மா கேட்டதற்கு, உன் தாயோடு உறவைப் பேணு என்பதுதான் பதில். நபி இறந்தபோது அவர்களின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. ஊருக்கே தலைவராக இருந்தவர் மாற்று மதத்து அண்டைக்காரரிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், அவரும் நம்பிக் கொடுத்திருக்கிறார். தாராவியில் அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டில் பெயர் உள்ள எல்லோருக்கும் அந்த உறவு புரியும்.

பண்டிகைச் சாப்பாடு பற்றியும் அவர் கேட்டிருந்தார், நாங்கள் கொடுக்கும் பிரசாதத்தை வாங்கமாட்டேன் என்கிறார்களே, இது வெறுப்பில்லையா என்று. அல்லாஹ் அல்லாததற்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, குர்ஆன் 2:173. அது எங்கள் நாக்குக்குப் போட்ட கட்டுப்பாடு, உங்கள் கைக்குச் சொல்லும் அவமரியாதை இல்லை. எங்கள் சாலில் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில்) பக்கத்து வீட்டு அக்கா பொங்கலன்று பானையை இறக்கினதும், சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் ஒரு தூக்குவாளியில் எங்கள் பங்கை எடுத்து மூடித் தனியாக வைத்துவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் மாமியார் காலத்திலிருந்து அப்படி. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியில் கறி போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு சொம்பு போய்விடும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் வீட்டுக்கு பக்ரீத் அன்று ஆட்டுக்கறி மட்டும் போகும். ஆடு அறுத்த வீட்டுக்குள் நுழைந்ததும், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் கேட்ட செய்தி ஹதீஸில் இருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கு வாரிசுரிமையே கொடுத்துவிடுவார்களோ என்று நினைக்கும் அளவுக்கு வானவர் ஜிப்ரீல் எனக்கு வலியுறுத்தினார் என்று நபி சொன்னதை வைத்துத்தான் அவர் கேட்டார்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மக்காவில் உள்ள கஅபாவை நாங்கள் வணங்கவில்லை, அது தொழுகைக்குத் திசை. மதீனாவுக்கு வந்த பிறகும் பதினாறு பதினேழு மாதம் ஜெருசலேம்தான் திசையாக இருந்தது. அதில் பதித்திருக்கிற கறுப்புக் கல்லை முத்தமிடும்போது, நீ ஒரு கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று எனக்குத் தெரியும், நபி முத்தமிட்டதைப் பார்க்காவிட்டால் நானும் செய்திருக்கமாட்டேன் என்று இரண்டாவது கலீஃபா உமர் வெளிப்படையாகச் சொன்னார். பிறையையும் வணங்கவில்லை, சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள் என்பது 41:37. அப்புறம் முஸ்லிம் ஹோட்டலில் எச்சில் துப்பித்தான் பரிமாறுவார்கள் என்ற பேச்சு. பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் ஊதுவதையுமே நபி தடுத்திருக்கிறார்கள். அந்த வதந்தியால் பிரியாணிக் கடை வைத்திருந்த எத்தனை ஏழைகளின் வியாபாரம் படுத்தது என்று அதை ஃபார்வர்டு செய்தவர்கள் ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாளால் பரவிய மதம் என்கிறார் அந்த வாசகர். படையெடுத்த முஸ்லிம் மன்னர்கள் உண்டு, கோயிலை இடித்தவர்களும் உண்டு, அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இஸ்லாம் வந்தது கப்பலில், வியாபாரத்தோடு. பாண்டியர் காலத்தில் காயலில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். உலகத்திலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவுக்கும் அரபுப் படை எதுவும் போகவில்லை. மகாராஷ்டிரத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இந்து முஸ்லிம் கலவரத்தில் தாராவி எப்படி எரிந்தது என்று செம்பூரில் இருப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு பரவியது முதலில் நெருப்பில்லை, பேச்சு. 'அவர்கள் வருகிறார்களாம்' என்று இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. அதற்குப் பிறகு எங்கள் தாராவிக்காரர்களான வகார் கானும் பாவு கோர்டேயும் தெருத் தெருவாகப் போய், நான்கு மதத்துக் குழந்தைகளை நிறுத்திப் படமெடுத்து 'ஹம் சப் ஏக் ஹைன்' (நாம் எல்லோரும் ஒன்று) போஸ்டர் ஒட்டி, ஒருத்தரை ஒருத்தர் உட்கார்ந்து பேசவைத்தார்கள். எனவே மதத்தைப் பற்றிய தப்பான செய்தி அச்சில் வரும்போது எனக்குப் பதறுவதில் ஆச்சரியமில்லை.

ஆசிரியரிடம் இரண்டு கோரிக்கைகள். ஒரு மதத்தைப் பற்றி இப்படிக் குற்றம் சாட்டும் கடிதம் வந்தால், அந்த மதத்தைச் சேர்ந்த, படித்த ஒருவரிடம் காட்டி அவர் பதிலையும் பக்கத்திலேயே போடுங்கள், அது எந்த மதமாக இருந்தாலும் சரி. இன்னொன்று, உங்கள் வரி விளம்பரப் பகுதியில் வசியம், செய்வினை நீக்கம், பிரிந்தவர் சேர என்று வருகிறவற்றை நிறுத்துங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மட்டும் பல இருந்தன, முஸ்லிம் பெயரிலும் இருந்தன, இந்துப் பெயரிலும் இருந்தன. செம்பூர் வாசகர் இந்த இரண்டாவது கோரிக்கையில் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகி,
மும்பை – 17